இரைப்பையின் அமிலம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாறுக் கழுகுகளைப் பற்றிய கட்டுரையில், அழுகிய இறைச்சியிலுள்ள கிருமிகளில் பெரும்பாலானவற்றை அவற்றின் இரைப்பை அமிலம் அழித்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதையொட்டி ஓர் ஐயம். என் மைத்துனர் வளர்க்கும் குதிரை சில வாரங்களாகத் தீவனத்தை மிச்சம் வைக்கிறது, இளைத்தும்விட்டது. கால்நடை மருத்துவர் குழாய்க் கேமராவை உள்ளே செலுத்திப் பார்த்து, இரைப்பையில் புண் என்றார். அமிலமே காரணம் என்றார். எலும்பையே கரைக்கும் அமிலத்தை வைத்திருக்கும் நாய்க்கு இப்படிப் புண் வந்து பார்த்ததில்லை. புல் தின்னும் குதிரைக்கு ஏன் வருகிறது? அமிலம் எப்போதும் இரைப்பையில் இருந்துகொண்டே இருக்குமா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே. அவர்களுக்கு,

உங்கள் இரண்டாவது கேள்விக்குள்ளேயே முதல் கேள்விக்கான விடை இருக்கிறது. நாய்க்கும் குதிரைக்கும் சுரப்பது அதே ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். இரைப்பையில் இருப்பது இந்த அமிலமே என்று ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் பிரவுட் முயல், குதிரை, கன்று, நாய் ஆகியவற்றின் இரைப்பைச் சாற்றைச் சோதித்து 1824-இல் வெளியிட்டார். விலங்குக்கு விலங்கு பெரிதும் மாறுவது அது சுரக்கத் தொடங்கும் நேரமும் நிற்கும் நேரமும்.

அமிலத்தைச் சுரப்பது இரைப்பைச் சுவரின் சுரப்பிகளில் உள்ள பரைட்டல் செல்கள். இரத்தத்தில் இருப்பதைப் போலப் பத்து இலட்சம் மடங்குக்கும் மேலான செறிவில் அவை ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ள வேண்டியிருப்பதால், ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களே அச்செல்லின் கன அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டிருக்கின்றன. அயனிகளைத் தள்ளும் புரதத்துக்குப் புரோட்டான் பம்ப் என்று பெயர். செல் ஓய்ந்திருக்கும்போது இந்தப் பம்புகள் செல்லுக்குள்ளேயே சிறு சவ்வுப் பைகளில் ஒடுங்கிக் கிடக்கும்; சுரக்கச் சொல்லும் குறிப்பு வந்ததும் அப்பைகள் விளிம்புச் சவ்வோடு இணைய, பம்புகள் இரைப்பையின் உட்புறத்தை நோக்கி வேலையைத் தொடங்கும். ஆக, சுரப்பை நிறுத்துவதற்கான ஏற்பாடு செல்லின் கட்டமைப்பிலேயே இருக்கிறது.

அந்தக் குறிப்பு மூன்று வழிகளில் வருகிறது. முதல் வழி நரம்பு. ரஷ்ய உடலியலாளர் பாவ்லவ் தம் நாய்களின் உணவுக்குழாயைக் கழுத்திலேயே வெளியே திருப்பிவிட்டு, விழுங்கிய இறைச்சி இரைப்பைக்குப் போகாமல் கீழே விழும்படி செய்தார். ஒரு துண்டுகூட உள்ளே போகாமலே இரைப்பை சாற்றைச் சுரந்தது. மூளையிலிருந்து இரைப்பைக்கு வரும் வேகஸ் நரம்பை வெட்டியதும் அச்சுரப்பு நின்றுபோயிற்று. (இப்படிச் சேகரித்த நாயின் இரைப்பைச் சாற்றை அவருடைய ஆய்வகம் செரிமானக் கோளாறுக்கு மருந்தாக விற்று வருமானமும் பார்த்தது.) 1904-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது செரிமானம் பற்றிய இந்த ஆய்வுகளுக்காகவே, பலரும் நினைப்பதுபோல மணியோசைக்கு எச்சில் ஊறிய கதைக்காக அன்று.

இரண்டாவது வழி காஸ்ட்ரின் என்னும் ஹார்மோன். இரைப்பையின் கீழ்ப்பகுதியிலிருந்து கிளம்பி, இரத்தத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, அதே இரைப்பையின் மேற்பகுதிக்கு அது வந்து சேர்கிறது. 1905-இல் ஆங்கிலேய உடலியலாளர் எட்கின்ஸ் இதைச் சொன்னபோது ஏற்றவர் சிலர். உடலில் இயல்பாகவே இருக்கும் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளும் அமிலத்தைச் சுரக்க வைக்கும் என்று பின்னர் தெரிந்ததும், எட்கின்ஸ் கண்டது வெறும் ஹிஸ்டமின்தான் என்று ஒதுக்கிவிட்டார்கள். 1964-இல் லிவர்பூலில் கிரெகரியும் டிரேசியும் பன்றியின் இரைப்பையிலிருந்து காஸ்ட்ரினைப் பிரித்தெடுத்த பிறகே அவர் சொன்னது நிலைபெற்றது. இதில் வேடிக்கை என்னவென்றால், மறுத்தவர்கள் பிடித்துக்கொண்ட ஹிஸ்டமினும் உண்மையில் மூன்றாவது வழியாகவே இருக்கிறது: இரைப்பைச் சுவரிலுள்ள வேறொரு வகைச் செல்லைத் தூண்டி ஹிஸ்டமினை வெளியிடச் செய்வதன் மூலமே காஸ்ட்ரின் தன் வேலையின் பெரும்பகுதியை முடித்துக்கொள்கிறது.

இனி நிறுத்துவது. உணவு இரைப்பையில் இருக்கும்வரை அதிலுள்ள புரதம் அமிலத்தின் ஒரு பகுதியைத் தன்னோடு பிணைத்துக்கொள்வதால் அமிலத்தன்மை மிக ஏறாமல் இருக்கும். உணவு குடலுக்கு இறங்க இறங்க அமிலத்தன்மை கூடி, பி.எச். அளவு (அமிலத்தன்மை கூடக் கூடக் குறையும் எண்) 3-க்குக் கீழே போகும்போது, அதை உணரும் செல்கள் சொமாட்டோஸ்டாட்டின் என்னும் ஹார்மோனை வெளியிடுகின்றன. அது காஸ்ட்ரினையும் ஹிஸ்டமினையும் அடக்கிவிடுகிறது. முன்சிறுகுடலை அமிலம் தொட்டதும் அங்கிருந்து கிளம்பும் செக்ரிட்டின் என்னும் ஹார்மோனும் சுரப்பை மட்டுப்படுத்தும். மிகுதியான அமிலம் தானே தன் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும் இந்த ஏற்பாடுதான் வேளைக்கு உண்ணும் நாயைக் காக்கிறது. நாய்க்கும் புண் வரும் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். மனிதர்களுக்கான இபுப்ரூஃபன் போன்ற வலி மாத்திரையைக் கொடுத்தால் நன்றாகவே வரும்.

நிறுத்துவதில் நாயை விஞ்சியவை உண்டு. வாரக்கணக்கில் பட்டினி கிடக்கும் பர்மிய மலைப்பாம்பின் இரைப்பையில் அமிலமே இராது எனலாம். இரையை விழுங்கிய பிறகுதான் சுரப்பு தொடங்கி, ஓரிரு நாளில் கடும் அமிலநிலையை எட்டி, இரை கரைந்ததும் பழையபடி நடுநிலைக்குத் திரும்பிவிடும். இதற்கும் மேலே ஒரு தவளை இருந்தது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 1973-இல் அறிவியலுக்கு அறிமுகமான அந்த இனத்தில், தாய் தன் முட்டைகளை விழுங்கி இரைப்பையிலேயே பொரித்து, வாய் வழியாகக் குஞ்சுகளை வெளியே விட்டது. முட்டைகளும் தலைப்பிரட்டைகளும் வெளியிட்ட புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் தாயின் அமிலச் சுரப்பை நிறுத்திவைத்தது. அத்தனை வாரமும் தாய் ஏதும் உண்ணவில்லை. 1981-க்குப் பிறகு அந்தத் தவளையைக் காட்டில் எவரும் பார்க்கவில்லை. செரிமானத்தை ஆராய்பவர்களுக்கு இதைவிடப் பெரிய இழப்பு அதிகம் இருக்க முடியாது. கட்லா, ரோகு போன்ற கெண்டை இன மீன்களுக்கோ இரைப்பையே கிடையாது. உணவு நேராகக் குடலுக்குப் போகிறது.

குதிரை இதற்கு எதிர்க்கோடி. மேய்ச்சல் நிலத்தில் விடப்பட்ட குதிரை நாளின் பெரும்பகுதியை மேய்ந்தே கழிக்கும் விலங்கு என்பதால், தீவனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதன் இரைப்பை அமிலத்தை இடைவிடாமல் சுரக்கிறது. அதை நடுநிலைப்படுத்தும் பைகார்பனேட் உமிழ்நீரில் இருக்கிறது. அந்த உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே ஊறும். லாயத்தில் கட்டி, காலையிலும் மாலையிலும் தீவனம் வைத்தால் இடைப்பட்ட மணி நேரங்களில் அமிலம் மட்டும் சேர்ந்துகொண்டே போகும். குதிரையின் இரைப்பை இரு பகுதிகளால் ஆனது: கீழ்ப்பகுதியில் சுரப்பிகளும், அமிலத்தைத் தாங்கும் கோழைப் படலமும் உண்டு, மேற்பகுதி உணவுக்குழாயின் உட்சுவரைப் போன்றது, அங்கே அந்தப் பாதுகாப்பு இல்லை. வெறும் வயிற்றோடு ஓடும்போது வயிற்றின் அழுத்தம் கூடி, கீழே கிடக்கும் அமிலம் மேற்பகுதியில் போய்ப் படுகிறது. பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த இடத்தில் புண் இருப்பது இதனால்தான்.

மருத்துவர் பெரும்பாலும் ஒமெப்ரசோல் கொடுத்திருப்பார். அது புரோட்டான் பம்பையே பூட்டிவிடும் மருந்து. தீவனத்துக்கு முன்பு கொடுக்கச் சொன்னால் அந்த நேரத்தை மாற்ற வேண்டாம். தீவன முறையை மாற்றாவிட்டால் மருந்தை நிறுத்தியதும் புண் திரும்ப வாய்ப்புண்டு. கொள்ளும் தானியமும் சீக்கிரம் மென்று முடிந்துவிடுவதால் உமிழ்நீர் குறைவாகவே ஊறும். அவற்றின் அளவைக் குறைத்து, உலர்புல்லைக் கூட்டச் சொல்லுங்கள். தீவனமில்லாத இடைவெளி ஆறு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இரவுக்கும் இது பொருந்தும். ஓட்டத்துக்கு அழைத்துப் போவதற்கு அரைமணி முன்பு ஒரு கைப்பிடி குதிரைமசால் (லூசர்ன்) தீவனம் கொடுப்பது நல்லது. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் புரதமும் அமிலத்தை ஓரளவு தணிக்கும்; மேலே மிதக்கும் நார், அமிலம் தெறிப்பதையும் தடுக்கும்.