உள்ளங்காலையும் பாருங்கள்: தோல் புற்றுநோய் பற்றிய வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 63. இடது உள்ளங்காலில் ஓராண்டாகக் கருந்திட்டு ஒன்று இருக்கிறது. முதலில் மிளகளவுதான் இருந்தது; இப்போது ஐம்பது பைசா நாணயம் அளவுக்குப் பரவிவிட்டது. கால் ஆணி என்று நினைத்து மருந்துக் கடையில் வாங்கிய பிளாஸ்திரியை ஒட்டி வருகிறார். வலி இல்லை என்று சொல்லி மருத்துவரிடம் வர மறுக்கிறார். பயப்பட வேண்டுமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: அம்மாவை இந்த வாரமே தோல் நோய் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கடிதத்தைப் படித்துவிட்டு இது புற்றுநோய்தான் என்று யாரும் சொல்லிவிட முடியாது. செருப்பு அழுத்தித் தோலுக்கடியில் இரத்தம் கட்டினாலும், சாதாரண மச்சமாக இருந்தாலும் இப்படித் தோன்றலாம். ஆயினும் இந்த வயதில் உள்ளங்காலில் புதிதாகத் தோன்றி, ஓராண்டாகப் பரந்துகொண்டே போகும் கருந்திட்டு வேறொன்று என்று உறுதிப்படும் வரை, அதை மெலனோமா, அதாவது தோலின் நிறமிச் செல்களில் தோன்றும் புற்றுநோய், என்று கருதியே அணுகுவதுதான் மருத்துவ முறை. வலி இல்லாததை நல்ல அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தொடக்கநிலை மெலனோமா பெரும்பாலும் வலிப்பதில்லை. பிளாஸ்திரியை உடனே நிறுத்திவிடுங்கள். அதில் உள்ள சாலிசிலிக் அமிலம் மேல்தோலைக் கரைத்து, மருத்துவர் பார்த்தறிய வேண்டிய தோற்றத்தையே கலைத்துவிடும்.

மச்சத்தை ஐயுறுவதற்கான அடையாளங்களை நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவர்கள் 1985-இல் வகுத்தார்கள். இருபுறமும் ஒத்திராத வடிவம், ஒழுங்கற்ற விளிம்பு, ஒன்றுக்கு மேற்பட்ட நிறங்கள், 6 மில்லிமீட்டரைத் தாண்டிய அகலம் ஆகிய நான்கோடு, காலப்போக்கில் மாறிக்கொண்டிருப்பது என்ற ஐந்தாவது அடையாளம் 2004-இல் சேர்ந்தது. உங்கள் அம்மாவின் திட்டில் இந்த ஐந்தாவதே முதன்மையானது. உள்ளங்காலுக்கென்று தனியான ஒரு தடயமும் உண்டு. அதைக் கண்டறிந்து நிறுவியவர்கள் தோஷியாகி சைதா உள்ளிட்ட ஜப்பானிய ஆய்வாளர்கள். ஜப்பானியர்களுக்கு மெலனோமா அதிகம் வருவது உள்ளங்காலில்தான் என்பதால் இந்த ஆராய்ச்சி அங்கே வளர்ந்ததில் வியப்பில்லை. டெர்மாஸ்கோப் என்னும் ஒளியுடன் கூடிய உருப்பெருக்கி வழியாகப் பார்த்தால், கால் ரேகைகளின் மேடும் பள்ளமும் தனித்தனியாகத் தெரியும். சாதாரண மச்சத்தில் கருநிறம் பெரும்பாலும் பள்ளங்களை ஒட்டிக் கோடு கோடாக ஓடும். மெலனோமாவிலோ அது மேடுகளின் மேல் பட்டையாகப் படிந்திருக்கும். சில நிமிடங்களில் முடியும் இந்தப் பரிசோதனைக்கு ஊசியும் இல்லை, கத்தியும் இல்லை என்று அம்மாவிடம் சொன்னால் ஒருவேளை வர இசைவார்.

இதே வகை மெலனோமா உள்ளங்கையிலும் நகத்துக்கு அடியிலும் வரும். ஜமைக்கப் பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால் பெருவிரல் நகத்தடியில் கண்டறியப்பட்டதும் இதுதான். 1981-இல், 36 வயதில், அவர் இறந்தார். நம்மைப் போன்ற நிறமுள்ளவர்களுக்குப் பல நகங்களில் மெல்லிய பழுப்புக் கோடுகள் இருப்பது இயல்பே. ஒரே ஒரு நகத்தில் புதிதாகத் தோன்றிய கோடு அகன்றுகொண்டே போய், நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்கும் கருமை பரவினால் காத்திருக்கக் கூடாது.

கேள்வி: கத்தி பட்டால் புற்றுநோய் பரவிவிடும் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் திசுப் பரிசோதனைக்கு ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள். (வாசகர், சேலம்)

பதில்: திசு எடுப்பதால் மெலனோமா பரவுகிறது என்பதற்குச் சான்று இல்லை. திசு எடுக்காமல் நோயை உறுதி செய்யவும் முடியாது, சிகிச்சையைத் திட்டமிடவும் முடியாது. நோய் எவ்வளவு அகலம் என்பதைவிட எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதே நோயாளியின் எதிர்காலத்தைச் சொல்லும் என்று 1970-இல் காட்டியவர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்னும் அமெரிக்க நோயியல் வல்லுநர். அவர் வகுத்தபடி மில்லிமீட்டரில் அளக்கும் அந்த ஆழம் இன்றும் ஒவ்வொரு பரிசோதனை அறிக்கையிலும் இடம்பெறுகிறது. ஆழம் ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால், சுற்றியுள்ள நல்ல தோலிலும் ஒரு சென்டிமீட்டர் சேர்த்து அகற்றுவதோடு பெரும்பாலோர் குணமடைந்துவிடுகிறார்கள்.

பெரியவர்களின் அச்சத்துக்குப் பின்னால், முற்காலத்தில் நடந்த பெரிய அறுவைகளின் நினைவும் இருக்கலாம். அன்று தொடை இடுக்கிலோ அக்குளிலோ உள்ள நிணநீர்க் கணுக்களை (நெறிக்கட்டிகளை) மொத்தமாக எடுத்துவிடுவார்கள். அதன் பின் காலோ கையோ ஆயுளுக்கும் வீங்கிக் கிடக்கும். நோய் முதலில் சென்று சேரும் கணுவை மட்டும் சாயம் செலுத்தி அடையாளம் கண்டு பரிசோதிக்கும் முறையை டொனால்ட் மார்ட்டன் குழுவினர் 1992-இல் வெளியிட்டார்கள். அந்தக் கணுவில் நோய் இருந்தாலும் மற்றவற்றை உடனே எடுப்பதால் ஆயுள் கூடுவதில்லை என்று, 1,900-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற ஆய்வு ஒன்று 2017-இல் நிறுவியது. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டவர்களில் 24 விழுக்காட்டினருக்கு வீக்கம் வந்தது. எடுக்காமல் கண்காணிக்கப்பட்டவர்களில் 6 விழுக்காட்டினருக்கு மட்டுமே வந்தது. குறைவாக வெட்டுவதற்கும் ஆராய்ச்சி தேவைப்பட்டிருக்கிறது.

கேள்வி: கருப்புத் தோலுக்குப் புற்றுநோய் வராது என்பது உண்மையா? (மாணவி, யாழ்ப்பாணம்)

பதில்: பாதி உண்மை. தோலில் உள்ள மெலனின் நிறமி புறஊதாக் கதிர்களைத் தடுப்பதால், வெயிலால் வரும் தோல் புற்றுநோய்கள் நமக்குக் குறைவு. வெள்ளைத் தோலினர் கடும் வெயிலில் வாழும் ஆஸ்திரேலியாவில் மிக அதிகம். ஆனால் உள்ளங்கால் மெலனோமாவுக்கு வெயில் முதன்மைக் காரணமே அன்று. வெயிலோடு தொடர்பற்ற வேறு சில வழிகளும் நம் நாட்டில் உண்டு. பழைய தீக்காயத் தழும்பிலும், ஆண்டுக்கணக்கில் ஆறாத புண்ணிலும், மேல்தோல் செல்களில் உருவாகும் செதிள் செல் புற்றுநோய் தோன்றலாம். காஷ்மீரில் குளிருக்காக அங்கிக்குள் வைத்துக்கொள்ளும் காங்கிரி என்னும் கணப்புச் சட்டியின் சூட்டால் வயிற்றிலும் தொடையிலும் இந்நோய் வருவது வெகுகாலமாக அறியப்பட்டதே. வேட்டியை இறுக்கிக் கட்டும் இடுப்புத் தடத்தில் வரும் புற்றுநோயை மும்பையில் பணியாற்றிய நோயியல் அறிஞர் வி. ஆர். கானோல்கர் 1940-களிலேயே பதிவு செய்தார். பாவாடை நாடா அழுந்தும் இடத்தில் கருத்துத் தடித்துப்போவது நம் பெண்களிடம் சாதாரணமாகக் காணப்படுவது. அது புற்றுநோய் அன்று, அப்படி ஆவதும் மிக அரிது. ஆனால் அந்தத் தடத்தில் ஒரு புண் வாரக்கணக்கில் ஆறாமல் நின்றால் காட்டியாக வேண்டும்.

நோய் அரிது என்பதே நமக்கு ஒரு தீங்காகவும் முடிகிறது. நோயாளியும் நினைத்துப் பார்ப்பதில்லை, முதலில் பார்க்கும் மருத்துவரும் பல நேரங்களில் நினைத்துப் பார்ப்பதில்லை. கருநிறத்தவருக்கு மெலனோமா முற்றிய நிலையில் தெரியவருவதற்கு இதுவும் ஒரு பெருங்காரணம் என்பது என் கருத்து.

கேள்வி: என் மைத்துனருக்குக் கால் மெலனோமா நுரையீரலுக்குப் பரவிவிட்டது. இம்யூனோதெரபி கொடுக்கலாம் என்கிறார்கள். மெய்யாகவே பலன் உண்டா? கடன் வாங்கிச் செய்யலாமா? (வாசகர், மதுரை)

பதில்: 2010 வரை பரவிய மெலனோமாவுக்குப் பெரிதாக நம்பத்தக்க மருந்து எதுவும் இல்லை, நோயாளிகளில் பாதிப்பேர் ஓராண்டைத் தாண்டவில்லை. டகார்பசின் என்னும் கீமோதெரபி மருந்தே பல ஆண்டுகள் கையில் இருந்தது. நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களான நம் உடலின் டி-செல்கள் எல்லை மீறாதிருக்க இயற்கையே வைத்துள்ள பிரேக்குகளைப் புற்றுநோய் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது என்பதை ஜேம்ஸ் ஆலிசன், தசுகு ஹோன்ஜோ ஆகியோரின் ஆய்வுகள் காட்டின. அதற்காக இருவருக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தத் தடையை விடுவிக்கும் இம்யூனோதெரபி மருந்துகளில் இப்பிலிமுமாப் 2011-இலும், பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் ஆகியவை 2014-இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இப்பிலிமுமாபையும் நிவோலுமாபையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வில் பத்தாண்டுகளுக்குப் பிறகும் 43 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தார்கள் என்று 2024-இல் வெளியான முடிவு சொல்கிறது. முன்பிருந்த நிலையோடு ஒப்பிட்டால் இது எளிய செய்தியன்று.

இனி உங்களுக்கு நேராகப் பொருந்துவதைச் சொல்கிறேன். அந்த எண்ணிக்கை பெரும்பாலும் வெள்ளைத் தோலினரின், வெயில் சார்ந்த மெலனோமாவிலிருந்து வந்தது. வெயிலால் சிதைந்த செல்களில் மரபணு மாற்றங்கள் ஏராளம். அந்நியமாகத் தெரியும் அவற்றை நோய் எதிர்ப்பாற்றல் எளிதில் அடையாளம் காண்கிறது. உள்ளங்கால் மெலனோமாவில் அத்தகைய மாற்றங்கள் குறைவு என்பதால் பலனும் குறைவாகவே இருக்கிறது. பலனே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. எதிர்பார்ப்பை அளந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே பொருள். குடல், கல்லீரல், தைராய்டு போன்ற உறுப்புகளில் கடுமையான பக்கவிளைவுகளும் நேரலாம். இரு மருந்துகளையும் சேர்த்துப் பெற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நேர்ந்தது.

ஆகவே கடன் வாங்குவதற்கு முன் கட்டியின் திசுவில் பிராஃப், கிட் ஆகிய மரபணுக்களைப் பரிசோதித்தார்களா என்று கேளுங்கள். வெயில் சார்ந்த மெலனோமாவில் ஏறக்குறைய பாதியில் பிராஃப் மாற்றம் உண்டு என்பது 2002-இல் தெரியவந்தது. உள்ளங்கால் வகையில் அது குறைவு, கிட் மாற்றம் சற்று அதிகம். இரண்டில் ஒன்று இருந்தால் மாத்திரையாக எடுத்துக்கொள்ளும் மருந்துகள் உண்டு. விலையைப் பொறுத்தவரை, மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் தலை, கழுத்துப் புற்றுநோயில் வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக நிவோலுமாபைச் சேர்த்துக் கொடுத்து, ஓராண்டு உயிர்வாழ்வோர் 16 விழுக்காட்டிலிருந்து 43 விழுக்காடாக உயர்ந்ததைக் காட்டினார்கள். மெலனோமாவுக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்றாலும், உங்கள் மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்கத்தக்க கேள்வி இது. வீட்டை அடகு வைத்த பிறகு கேட்பதைவிட முன்பே கேட்பது நல்லது.

கேள்வி: மெலனோமாவுக்குத் தடுப்பூசி வந்துவிட்டதாகப் படித்தேன். (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: அது நோய் வராமல் தடுக்கும் ஊசியன்று. அறுவையில் எடுத்த கட்டியின் மரபணு மாற்றங்களைப் படித்து, அந்த ஒரு நோயாளிக்கென்றே தயாரிக்கப்படும் எம்.ஆர்.என்.ஏ. (புரதம் தயாரிக்கச் செல்களுக்குக் குறிப்பளிக்கும் மூலக்கூறு) மருந்து, நோய் திரும்பாதிருக்கப் பெம்ப்ரோலிசுமாபுடன் சேர்த்துக் கொடுக்கப்படுகிறது. 157 பேரிடம் நடந்த ஆய்வில், நோய் திரும்பும் அல்லது இறப்பு நேரும் வாய்ப்பு 44 விழுக்காடு குறைந்தது. ஆயினும் 157 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. 2023-இல் தொடங்கிய மூன்றாம் கட்ட ஆய்வே இதை உறுதி செய்ய வேண்டும்.

கேள்வி: மச்சத்தைப் படம் எடுத்தால் புற்றுநோயா என்று சொல்லும் செல்பேசிச் செயலிகளை நம்பலாமா? (வாசகர், சென்னை)

பதில்: முடிவெடுப்பதற்கு நம்ப வேண்டாம். 2017-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறக்குறைய 1,30,000 படங்களைக் கொண்டு பயிற்றுவித்த கணினி நிரல், 21 தோல் மருத்துவர்களுக்கு இணையாகத் தேர்ந்ததைக் காட்டினார்கள். பிற்பாடு வேடிக்கையான குறை ஒன்றும் வெளிப்பட்டது: ஐயத்துக்குரிய கட்டிகளை மருத்துவர்கள் அளவுகோல் வைத்துப் படம் எடுப்பது வழக்கம் என்பதால், அளவுகோல் தெரியும் படத்தைப் புற்றுநோய் என்று சொல்லும் போக்கு நிரலுக்கு வந்துவிட்டது. இதனினும் நமக்கு முக்கியமானது 2022-இல் வெளியான ஓர் ஆய்வு. பல நிறத் தோல்களின் 656 படங்களை இத்தகைய நிரல்களிடம் கொடுத்தபோது, கருந்தோலில் அவை தெளிவாகத் தடுமாறின. பயிற்சிக்குக் கொடுத்த படங்களில் கருந்தோல் மிகக் குறைவாக இருந்ததே காரணம். அப்படிப்பட்ட படங்களைச் சேர்த்து மறுபடி பயிற்றுவித்தபோது இடைவெளி குறைந்தது. ஆகவே குறை திருத்தக்கூடியதே, ஆனால் உங்கள் கையில் உள்ள செயலி திருத்தப்பட்டதா என்று அறிய உங்களுக்கு வழியில்லை.

செல்பேசியை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். ஐயமில்லாத பழைய மச்சங்களைப் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை படம் எடுத்து வையுங்கள். மாறுதல் தெரிந்தால் பழைய படங்களோடு மருத்துவரிடம் போங்கள். முதுகையும் உள்ளங்கால்களையும் வீட்டில் வேறொருவர்தான் எடுத்துக்கொடுக்க வேண்டியிருக்கும்.