சுண்டைக்காய் கால் பணம்

கேள்வி: இங்கிலாந்துக் கால்பந்து லீக்கை 1888இல் தொடங்கிய 12 கிளப்புகளில் ஆக்ரிங்டன் ஸ்டான்லியும் ஒன்றாமே! அத்தனை பெருமை இருந்தும் 1962இல் கடனில் மூழ்கிவிட்டது. சின்ன ஊர்க் கிளப்புகள் தொழில்முறை ஆட்டத்தில் தாக்குப்பிடிக்க முடியாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? (கும்பகோணம் வாசகர் ஒருவர்)

பதில்: முதல் வரியிலேயே ஆள் மாறிவிட்டது. 1888இல் இருந்தது ஆக்ரிங்டன் என்ற வேறு கிளப். அது 1893இல் லீக்கை விட்டு விலகி, சில ஆண்டுகளில் காணாமலும் போனது. நீங்கள் சொல்லும் ஸ்டான்லி அதே ஊரில் 1891இல் பிறந்தது. லீக்குக்குள் நுழைந்ததே 1921இல்தான்.

சின்ன ஊர் என்பதால் செத்தது என்கிறீர்கள். லங்காஷயரில் பஞ்சாலைகளை நம்பியிருந்த அந்தச் சின்ன ஊர்தானே நாற்பது ஆண்டுகள் அதைத் தாங்கியது? 1958க்கு வாருங்கள். வட்டார அளவில் நடந்துவந்த மூன்றாம் டிவிஷன் அந்த ஆண்டு நாடு முழுவதற்குமானது. பயணச் செலவு ஏறியது. கையைக் கட்டிச் செலவழிக்க வேண்டிய நேரம். நிர்வாகிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? தெற்கே ஆல்டர்ஷாட்டில் ராணுவ அணிவகுப்பு வேடிக்கைக்காகக் கட்டிய கேலரி ஒன்று 1,450 பவுண்டுக்குக் கிடைக்கிறது என்று ஓடிப்போய் வாங்கினார்கள். அதைப் பிரித்து, வடக்கே கொண்டுவந்து, பீல் பார்க் மைதானத்தில் மறுபடி நிறுத்த அந்த விலையைப்போலப் பல மடங்கு ஆனது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இத்தனைக்கும் அது கால்பந்து பார்ப்பதற்கென்று கட்டியதல்ல! 1960இல் அணி நான்காம் டிவிஷனுக்கு இறங்கியது. பெரிய கேலரி, குறைந்த கூட்டம்.

1962 மார்ச்சில் கடன் சுமார் 60 ஆயிரம் பவுண்டு. யோசனை சொல்ல, பக்கத்து ஊர் பர்ன்லி கிளப்பின் தலைவர் பாப் லார்டை அழைத்தார்கள். கறிக்கடை முதலாளி, பேச்சும் வெட்டொன்று துண்டிரண்டுதான். தேறாது என்றார். உடனே லீக்கிலிருந்து கிளப் விலகுவதாக ராஜினாமாக் கடிதம் பறந்தது. பிறகு உதவிக்கு ஆள் வந்ததும் கடிதத்தைத் திருப்பிக் கேட்டார்கள். லீக்கின் செயலாளர் ஆலன் ஹார்டேக்கர் மசியவில்லை. அந்தப் பருவத்தில் ஆடிய 33 ஆட்டங்களும் கணக்கிலிருந்தே அழிக்கப்பட்டன. இந்தப் பிடிவாதத்தை என்னால் இன்றும் நியாயப்படுத்த முடியவில்லை. காலியான இடம் ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட்டுக்குப் போனது.

1966இல் கிளப் அடியோடு கலைந்தது. 1968இல் ஊர்க்காரர்கள் அதே பெயரில் புதிதாகத் தொடங்கி, அடிமட்ட லீக்குகளில் ஆடினார்கள். 80களின் இறுதியில் ஒரு பால் விளம்பரம் இந்தப் பெயரை வைத்து நாட்டையே சிரிக்கவைத்தது. சிரித்துவிட்டுப் போகட்டும். 1997இல் பிரெட் ஆர்மரோடு என்ற வீரரைப் பிளாக்பூலுக்கு விற்றபோது, அவரை மறுபடி விற்றால் எங்களுக்கும் பங்கு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். 2001இல் சவுத்தாம்ப்டன் அவரைப் பெரிய விலைக்கு வாங்கியது. ஸ்டான்லிக்கு லட்சக்கணக்கான பவுண்டு வந்து சேர்ந்தது. கேலரி வாங்கியவர்களுக்கு இல்லாத கணக்கு இவர்களுக்கு இருந்தது.

2006இல் ஸ்டான்லி மீண்டும் லீக்குக்குள் வந்தது. அதே ஆண்டு லீக்கிலிருந்து வெளியே விழுந்த அணிகளில் ஒன்று ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட். அது எவ்வளவு பெரிய ஊர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.