கார்டு போட்டிக்கு வர்றதுக்கு முன்னாடி: கேள்வி பதில்

அடுத்த மாசம் சேலத்துல நடக்கிற ரசிகர் விழாவுல போக்கிமான் கார்டு போட்டியும் உண்டு. நிறையப் பேருக்கு இதுதான் முதல் போட்டி. அன்னிக்கு ஜட்ஜா நிக்கப்போறது நான்ங்கிறதால கேள்விகளை முன்கூட்டியே அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்த வரிசையிலேயே பதில் சொல்றேன்.

கேள்வி (அம்மாப்பேட்டை, ஒரு அம்மா): பையனுக்கு ஒன்பது வயசு. கார்டுன்னாலே சீட்டாட்டம்னு வீட்ல பெரியவங்க சத்தம் போடறாங்க. கூட்டிட்டு வரலாமா?

பதில்: தாராளமா வாங்கம்மா. இங்க யாரும் பந்தயம் கட்டறதில்ல. நுழைவுக் கட்டணம் கட்டி ஆடி, ஜெயிச்சா பரிசு வாங்கற கேரம் போட்டி மாதிரிதான். பிறந்த வருஷத்தை வச்சு ஜூனியர், சீனியர், மாஸ்டர்ஸ்னு மூணு பிரிவு இருக்கு. ஆள் குறைவா வந்தா எல்லாரையும் சேர்த்து ஆட வைப்போம். பெரியவங்க எதிர்ல உட்கார்ந்தாலும் பையன் பயப்படத் தேவையில்ல, சந்தேகம் வந்தா கையைத் தூக்கி "ஜட்ஜ்"னு கூப்பிடச் சொல்லிக் கொடுங்க.

ஒரே ஒரு விஷயத்துல மட்டும் நீங்க பக்கத்துலயே இருக்கணும். கார்டு மாத்திக்கிற நேரம். விழாக்கள்ல நல்லவங்கதான் அதிகம். ஆனா சின்னப் பசங்க கையில இருக்கிற விலையுள்ள கார்டைப் பார்த்துட்டு, பளபளன்னு நாலு சாதாரணக் கார்டைக் கொடுத்து வாங்கிட்டுப் போற ஆளுங்களும் வருவாங்க. "அம்மாவைக் கேட்டுட்டு வர்றேன்"னு சொல்லப் பழக்குங்க. அதுக்கே பாதிப் பேர் நகர்ந்துடுவாங்க.

கேள்வி (ஓமலூர்): ஸ்டேஷனரி கடையில வாங்கின தங்க நிற கார்டு 55 இருக்கு. அதை வச்சு டெக் (ஆடறதுக்கான 60 கார்டு அடுக்கு) கட்டலாமா?

பதில்: முடியாது தம்பி. அந்தத் தங்க நிற பிளாஸ்டிக் கார்டு எல்லாமே போலி. போட்டியில ஒண்ணு கூடச் செல்லாது. உண்மையான கார்டு அட்டைக் காகிதம். ஓரத்தைக் கண்ணுக்கு நேராப் பிடிச்சுப் பார்த்தா நடுவுல கருப்பா மெல்லிசா ஒரு அடுக்கு தெரியும். டார்ச் வெளிச்சத்துல பிடிச்சா போலி கார்டு பெரும்பாலும் வெளிச்சத்தை அப்படியே விட்டுடும், அசல் அவ்வளவு விடாது. பின்பக்க நீலம் வெளுத்திருந்தாலும், எழுத்து கொஞ்சம் தடிச்சிருந்தாலும் சந்தேகப்படுங்க. அசல் கார்டு ஒண்ணைப் பக்கத்துல வச்சு ஒப்பிடறதுதான் சிறந்த வழி.

முதல் டெக்குக்கு பூஸ்டர் பாக்கெட்டா வாங்கிக் கிழிக்காதீங்க. பத்துப் பத்துக் கார்டா வரும், எது வரும்னு தெரியாது. அதுல உருப்படியா 60 கார்டு சேர்றதுக்குள்ள காசு கரைஞ்சுடும். கட்டி முடிச்சே விக்கிற டெக் ஒண்ணு வாங்கி, அதுல இருக்கிற நல்ல கார்டை நாலு பிரதியா ஏத்திக்கிட்டுப் போங்க. ஒரே பேர்ல நாலு கார்டுக்கு மேல கூடாது. தாக்கறதுக்குச் சக்தி கொடுக்கிற அடிப்படை எனர்ஜி கார்டுக்கு மட்டும் அந்த வரம்பு இல்ல.

கேள்வி (ஏற்காடு, எஸ்டேட் பக்கம்): மழைக்காலத்துல ஜன்னலைத் திறந்தாலே மேகம் வீட்டுக்குள்ள வந்துடுது அண்ணா. ஃபாயில் கார்டு (பளபளப்பான படலம் ஒட்டினது) எல்லாம் வளையுது. போட்டியில பிரச்சனை ஆகுமா?

பதில்: ஆகும். இதைக் கேட்டதுக்கு நன்றி, ஏன்னா நம்ம பக்கத்துல இதைப் பத்தி யாரும் பேசறதே இல்ல.

கார்டோட காகிதம் ஈரத்தை உறிஞ்சி விரியும். முன்பக்கம் ஒட்டியிருக்கிற ஃபாயில் படலம் விரியாது. காகிதம் நீள, படலம் அப்படியே நிக்க, கார்டு படம் இருக்கிற பக்கமா மடங்கும். சேலம் வெயில்ல காகிதம் காய்ஞ்சு சுருங்கினா எதிர்ப்பக்கமா வளையும். 1500 மீட்டர் உயரத்துல ஈரத்துல கிடந்த கார்டை, 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி கீழே கொண்டு வந்து மேசையில வச்சா, காலையில ஒரு வளைவு, மத்தியானம் இன்னொரு வளைவுன்னு மாறிட்டே இருக்கும்.

இதுல என்ன தப்புன்னு கேட்பீங்க. டெக்கைக் கவிழ்த்து வைக்கிறீங்க இல்லையா, அப்ப ஈரம் பட்ட ஃபாயில் கார்டு நடுவுல மேடா எழும்பி நிக்கும். பக்கவாட்டுல பார்த்தா அந்த இடத்துல மெல்லிசா ஒரு இடைவெளி தெரியும். எதிராளி டெக்கை வெட்டும்போது கை தானா அங்கேயே போய் விழும். எந்தக் கார்டு எங்க இருக்குன்னு தெரிஞ்சா அது அடையாளமிட்ட கார்டு. நீங்க வேணும்னு செய்யலைன்னாலும் அப்படித்தான் கணக்கு. அதுலயும் உங்க டெக்ல முக்கியமான நாலு கார்டு மட்டும் ஃபாயில், மீதி எல்லாம் சாதா-ன்னா, ஜட்ஜ் அதை இன்னும் கடுமையாப் பார்ப்பார், ஏன்னா அங்க ஒரு ஒழுங்கு தெரியுது.

காத்துப் புகாத டப்பாவுல கார்டைப் போட்டு, மாத்திரை டப்பாவிலும் ஷூ பெட்டியிலும் வர்ற சிலிக்கா ஜெல் பாக்கெட் ரெண்டு மூணு சேர்த்து வைங்க. தினம் திறந்து பாருங்க, அதிகமாக் காய்ஞ்சா மறுபக்கம் மடங்கும். வெயில்ல காய வைக்கிறது, இஸ்திரி போடறது, ஹேர் டிரையர் காட்டறது எல்லாம் கார்டைக் கெடுக்கும். நான் சொல்ற நல்ல வழி, அதே கார்டோட சாதா பதிப்பை வாங்கிப் போட்டிக்கு அதையே பயன்படுத்தறது. விலையும் ரொம்பக் குறைவு. ஃபாயிலை ஆல்பத்துல வச்சு அழகு பாருங்க. அப்படியும் ஃபாயிலோட வந்தா, முதல் ரவுண்டுக்கு முன்னாடி என்கிட்ட டெக்கைக் காட்டிடுங்க.

கேள்வி (ஐந்து ரோடு): மேசையில சாப்பிடலாமா?

பதில்: கூடாது. நம்ம ஊர் விழான்னா வாசல்ல தட்டுவடை செட் கடை நிச்சயம் இருக்கும். கேரட், பீட்ரூட் துருவல், சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னின்னு விரல் முழுக்க அப்பும். அதே கையோட டெக்கைத் தொட்டா ஒரே ஒரு ஸ்லீவ் (கார்டைப் போட்டு வைக்கிற பிளாஸ்டிக் உறை) ஓரத்துல சிவப்புப் புள்ளி விழும். அந்தக் கார்டு அடுத்த ஆட்டம் முழுக்க உங்களுக்கும் தெரியும், எதிராளிக்கும் தெரியும். நல்லாச் சாப்பிடுங்க, கையை சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க. அதே நிறம், அதே பாக்கெட்டுல இருந்து பத்து ஸ்லீவாவது உபரியா வச்சுக்குங்க. பழைய ஸ்லீவுக்கு நடுவுல புதுசா ஒண்ணு போட்டாலும் பளிச்சுன்னு தெரியும். அதனால ரெண்டு மூணு ஸ்லீவ் கிழிஞ்சா மொத்தத்தையும் மாத்திடறது நல்லது.

கேள்வி (ஓமலூர், இன்னொருத்தர்): வெள்ளி நிற கார்டுன்னா பரவாயில்லையா?

பதில்: பிளாஸ்டிக்னா எந்த நிறமா இருந்தாலும் போலிதான். செல்லாது.

கேள்வி (அஸ்தம்பட்டி): யு-கி-ஓங்கிற இன்னொரு கார்டு ஆட்டத்தோட ஸ்லீவ் நிறைய வச்சிருக்கேன். போக்கிமானுக்கு ஆகுமா?

பதில்: ஆகாது. அந்தக் கார்டு 59-க்கு 86 மில்லிமீட்டர், போக்கிமான் 63-க்கு 88. உள்ளே நுழையாது.

கேள்வி (சூரமங்கலம்): மேஜிக் கமாண்டர் டெக் கொண்டு வரலாமா?

பதில்: அது வேற கார்டு ஆட்டம், 100 கார்டு, நாலு பேர் சுத்தி உட்கார்ந்து ஆடறது. என் மேசை இல்ல. தனி மேசை உண்டான்னு விழா நடத்தறவங்களைக் கேளுங்க.

கேள்வி (ஆத்தூர்): போன வருஷம் வேற ஊர்ப் போட்டியில 2-2-ல (ரெண்டு வெற்றி, ரெண்டு தோல்வி) இருந்து கடைசி ரவுண்டு ஜெயிச்சேன். ஆனா முன் மேசைகள்ல எல்லாரும் ஆடாமலே கை குலுக்கி டை, அதாவது சமநிலைன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. நாக் அவுட்டுக்குப் போற முதல் எட்டுப் பேர்ல, அதான் டாப் 8-க்குள்ள, நான் வரல. இது மோசடி இல்லையா?

பதில்: உங்க வருத்தம் புரியுது. ஆனா மோசடி இல்ல. ரெண்டு பேரும் மனசொத்து டை எழுதறதை போக்கிமான், மேஜிக் ரெண்டுமே அனுமதிக்குது. யு-கி-ஓவுல அனுமதி இல்ல.

கணக்கைப் பாருங்க. 32 பேர், ஐந்து ரவுண்டு ஸ்விஸ் (தோத்தாலும் வெளிய போகாம, கிட்டத்தட்ட சம புள்ளி உள்ளவங்களோட ஆடற முறை). வெற்றிக்கு 3 புள்ளி, டைக்கு 1. முதல் நாலு ரவுண்டுல டையே வரலைன்னு வச்சுக்குங்க. அப்ப 4-0-ல ரெண்டு பேர், 3-1-ல எட்டுப் பேர், 2-2-ல பன்னிரண்டு பேர் இருப்பாங்க. அந்த எட்டுப் பேரும் ஆடினா நாலு பேர் 12-க்குப் போவாங்க, நாலு பேர் 9-லயே நிப்பாங்க. 4-0 ரெண்டு பேரையும் சேர்த்தா ஆறு இடம் முடிஞ்சது. மீதி ரெண்டு இடம். அதுக்கு 9 புள்ளியோட தோத்த நாலு பேர், 2-2-ல இருந்து ஜெயிச்ச ஆறு பேர், ஆக பத்துப் பேர் போட்டி. எட்டுப் பேரும் கை குலுக்கினா எல்லாருக்கும் 10 புள்ளி, உங்க 9-க்குக் கதவு மூடிடுது. அதாவது பத்துப் பேருக்கு ரெண்டு இடம்ங்கிற வாய்ப்புதான் உங்ககிட்ட இருந்து போச்சு.

கை குலுக்கினவங்களுக்கும் அது உறுதியான இடம் இல்ல. 10 புள்ளிக்காரங்க எட்டு, மேலே ரெண்டு, மொத்தம் பத்து. இடம் எட்டு. ரெண்டு பேர் டை-பிரேக்கர்ல (சம புள்ளிக்காரங்களை வரிசைப்படுத்தற கணக்கு) வெளிய போயே ஆகணும்.

கேள்வி (ஆத்தூர், அதே அன்பர்): விதியில இருக்குன்னா நியாயம் ஆயிடுமா? கிரிக்கெட்ல இப்படிப் பண்ணினா மேட்ச் ஃபிக்ஸிங்னு உள்ளே தள்ளுவாங்க.

பதில்: ஃபிக்ஸிங்ல பணம் இருக்கு, மறைவு இருக்கு. இங்க ரெண்டும் கூடாது. "எனக்கு விட்டுக்கொடு, பரிசுல பாதி தர்றேன்"னு ஒரு வார்த்தை வந்தா லஞ்சம், சொன்னவரை வெளியேத்துவேன். "பகடை உருட்டி யாரு ஜெயிச்சதுன்னு முடிவு பண்ணலாம்"னாலும் வெளியேத்துவேன். முன்பின் தெரியாம விளையாட்டா இதைச் சொல்லி வெளிய போனவங்க உண்டு, அதனால வாய்ல கூட வேண்டாம். "டை போடலாமா?" "சரி" அல்லது "வேண்டாம்". பேச்சு அவ்வளவோட முடியணும்.

கேள்வி (தாரமங்கலம்): நானும் ஆத்தூர் அண்ணன் பக்கம்தான். காசு கட்டி உள்ள வந்தவங்க ஆட்டம் பார்க்கத்தானே வந்தாங்க? அப்புறம், அண்ணன் தம்பி எதிரெதிரா வந்தா ஒருத்தர் விட்டுக்கொடுக்கலாமா?

பதில்: விட்டுக்கொடுக்கலாம். பதிலுக்கு எதுவும் வாங்காத வரைக்கும் அது ஆடறவரோட உரிமை.

ஆனா நீங்க ரெண்டு பேரும் சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு. சரிசெய்ய வேண்டியது ஆடறவங்களை இல்ல, போட்டியோட அமைப்பை. 32 பேருக்கு டாப் 8 வைக்கிறதாலதான் 3-1-காரங்களுக்குக் கை குலுக்கற ஆசை வருது. டாப் 4-ன்னு வச்சுப் பாருங்க. 4-0 ரெண்டு பேர் டை எழுதினா 13, அவங்க உள்ளே. மீதி ரெண்டு இடத்துக்கு 3-1-ல ஜெயிக்கிற நாலு பேர் 12 புள்ளியோட நிப்பாங்க. மத்தவங்க ஆடினா, டை எழுதி 10 வாங்கினவருக்கு அங்க இடமே கிடைக்காது. 3-1-காரங்க எல்லாரும் ஆடியே தீரணும். கூடவே ஒரு நாக் அவுட் ரவுண்டும் மிச்சம், மண்டபத்தைச் சாயங்காலம் நேரத்துக்குக் காலி பண்ணலாம். ஒரு நாள் விழாவுக்கு டாப் 4-தான் சரின்னு நடத்தறவங்ககிட்ட நான் எழுதியே கொடுக்கப்போறேன். ஆத்தூர் அண்ணே, நீங்களும் கேளுங்க. ஆடறவங்க கேட்டாத்தான் மாறும்.

கேள்வி (மேட்டூர்): தங்க கார்டு ஒண்ணே ஒண்ணு, ராசிக்காக?

பதில்: செல்லாது. மேலே ரெண்டு தடவை சொல்லிட்டேன்.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை): 1999 சாரிசார்ட் (பழைய போக்கிமான் கார்டு) ஒண்ணு இருக்கு. விலை எவ்வளவு போகும்? போட்டியில ஆடலாமா?

பதில்: விலை நான் சொல்றதில்ல. ஆடறதைப் பத்திச் சொல்றேன். ஸ்டாண்டர்டு (சமீபத்துக் கார்டுகளை வச்சு ஆடற வகை) போட்டிக்குப் பொதுவா கார்டோட இடது கீழ் மூலையில ஒரு எழுத்து இருக்கணும். எந்தெந்த எழுத்து செல்லும்ங்கிறது மாறிட்டே வரும், பழைய எழுத்துகள் கழியும். 2020-க்கு முந்தைய ஆங்கிலக் கார்டுகள்ல அந்த எழுத்தே கிடையாது, அதனால உங்களுது செல்லாது. உங்க சாரிசார்டை விழாவுக்கே எடுத்துட்டு வர வேண்டாம். கொண்டு வந்தே ஆகணும்னா பையைக் காலுக்கு நடுவுல வச்சுக்குங்க, நாற்காலி முதுகுல மாட்டாதீங்க.

கேள்வி (குகை): 50 நிமிஷத்துல ஆட்டம் முடியலைன்னா?

பதில்: ஒரு மேட்ச்னா மூணு ஆட்டத்துல ரெண்டு ஜெயிக்கணும். நேரம் முடிஞ்சா நடக்கிற டர்னை (ஒருத்தர் ஆடற முறை) முடிச்சு, இன்னும் மூணு டர்ன். அப்பவும் ஒண்ணுக்கு ஒண்ணுன்னு நின்னா டை. முதல் ஆட்டம் ஜெயிச்சு ரெண்டாவது பாதியில நின்னா, ஜெயிச்சவருக்கே மேட்ச். முன்னிலையில இருக்கிறவர் வேணும்னே இழுத்தடிக்கிறார்னு தோணினா அப்பவே கையைத் தூக்குங்க. நேரம் முடிஞ்சப்புறம் வந்து சொன்னா என்னால எதையும் திருப்ப முடியாது.

கேள்வி (கொண்டலாம்பட்டி): கார்டை ஏழு குவியலாப் பிரிச்சு அடுக்கினா அது ஷஃபிள்தானே?

பதில்: இல்ல. அது எண்ணிக்கை பார்க்கறது. எந்தக் கார்டு எந்தக் குவியலுக்குப் போகுதுன்னு கணக்குப் போட முடியும். அதுக்கப்புறம் கார்டுக்குள்ள கார்டைச் செருகி ஏழெட்டுத் தடவை நல்லாக் கலக்குங்க, பிறகு எதிராளிகிட்ட வெட்டக் கொடுங்க. எனர்ஜியை இடையிடையே செருகி வச்சுட்டுக் கலக்காம விடறது ஏமாத்து வேலை. எதிராளி அப்படிச் செஞ்சா சண்டை வேண்டாம், ஜட்ஜைக் கூப்பிடுங்க.

கேள்வி (வாழப்பாடி): எதிராளி தப்பா ஆடினா நாங்களே பேசித் தீர்த்துக்கலாமா?

பதில்: ஜட்ஜைக் கூப்பிடுங்க.

கேள்வி (ஏற்காடு): எத்தனை மணிக்கு வரணும் அண்ணா, பஸ்ல வரணும்.

பதில்: பதிவு முடியறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி மண்டபத்துல இருக்கிற மாதிரி கிளம்புங்க. டெக் லிஸ்டை பஸ்ல எழுதாதீங்க, வளைவுகள்ல எழுத்து ஓடிடும். முந்தின நாள் ராத்திரியே கார்டை மேசையில பரப்பி, பேர், செட், நம்பர், எத்தனைன்னு நாலையும் எழுதி, கடைசியில கூட்டி 60 வருதான்னு பாருங்க. லிஸ்டுல 59 இருந்தா நான் சும்மா விட முடியாது, ஒரு ஆட்டமே போயிடும்.