காசு குறைச்சல், கார்டு ஒண்ணு: குறும்படக் கேள்வி பதில்

பாலக்காட்டு எல்லைப் பக்கம் குறும்படம் எடுக்கிறவர்கள் கேட்டவை; ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர். பதில் சொல்பவர் ஒரு படத்தொகுப்பாளர்.

கொழிஞ்சாம்பாறை: அக்கா, கையில 25,000 ரூபாய், ஒரே வீடு, ரெண்டு நடிகர்கள். இதுக்குள்ள நல்ல படம் வருமா?

வரும். ஆனா பெருசா எழுதிட்டு அப்புறம் காசுக்காக வெட்டாதீங்க. எல்லையைப் போட்டுட்டு எழுத உட்காருங்க. திண்ணை, ஆசாரம் (கூடம்), அடுப்படி, புறக்கடை: நாலு இடம் இருக்கு. எங்கெங்கே எத்தனை மணிக்கு வெயில் விழுதுன்னு ஒரு நாள் முழுக்கக் குறிச்சு, அந்த வரிசையில காட்சிகளை அடுக்கினா லைட் வாடகை பாதி மிச்சம். லென்ஸ் 35 மி.மீ., 50 மி.மீ. ரெண்டு போதும்.

பிலிம் காலத்துல 35 மி.மீ. 400 அடி ரோல் நாலரை நிமிஷத்துக்குள்ள தீர்ந்துடும். அதனால ஒத்திகை முடியாம கேமரா ஓடாது. இப்ப அந்தக் கணக்கை நாமதான் போட்டுக்கணும். நொடிக்கு 100 மெகாபிட் (100 எம்பிபிஎஸ்) பதிவுல 64 ஜிபி கார்டு சுமார் 85 நிமிஷம் பிடிக்கும். 10 நிமிஷப் படத்துக்கு அது ஒண்ணு போதும்; நிறைஞ்சா ஷூட்டிங் முடிஞ்சுது. அன்னைக்கே ரெண்டு பிரதி எடுத்து வைங்க.

இன்னொண்ணு: கடைசிக் காட்சியை எழுதாம கேமராவை வாடகைக்கு எடுக்காதீங்க.

வேலந்தாவளம்: எந்த கேமரா வாங்கலாம்?

வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்க. மிச்சக் காசு மைக்குக்கு.

சித்தூர்: மார்கழியில எடுத்தோம்ங்க. வசனம் முழுக்க காத்து இரைச்சல்.

பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அப்படித்தான். வெறும் ஸ்பாஞ்சு உறை தாங்காது, மேல ரோம உறை போடுங்க. ரெக்கார்டர்ல 80 ஹெர்ட்ஸ் லோ-கட் (அதுக்குக் கீழ வர்ற உறுமலை வெட்டுற வசதி) வைங்க. காத்து மைக்கை அடிச்சு ஒலி உடைஞ்சிட்டா அதை எடிட்டிங்ல மீட்க முடியாது. ஒவ்வொரு இடத்துலயும் யாரும் பேசாம 30 நொடி பதிவு பண்ணுங்க. வெட்டு விழுற இடத்துல அதைத்தான் கீழே ஓட்டுவோம். காத்து நிக்காதுன்னு தெரிஞ்சா, பனை ஓலை ஆடுறதையும் கதவு படபடக்கிறதையும் திரைக்கதையிலேயே எழுதிடுங்க. காத்து எங்கிருந்து வருதுன்னு கண்ணுக்குத் தெரிஞ்சா காது பொறுத்துக்கும்.

மீனாட்சிபுரம்: போன்ல எடுக்கலாமா, கேமராவா?

மேலே வேலந்தாவளத்துக்குச் சொன்னதேதான். மைக்.

பொள்ளாச்சி: கஷ்டப்பட்டாத்தான் நல்ல கலை வரும்ங்கறது என் கட்சி. சத்யஜித் ராயோட ‘பதேர் பாஞ்சாலி’யே சாட்சி.

அதை நான் ஒத்துக்க மாட்டேன். அந்தப் படம் 1952 கடைசியில தொடங்கி 1955-லதான் வெளியாச்சு. நடுவுல காசில்லாம மாசக்கணக்கா நின்னுச்சு. பையனுக்குக் குரல் உடைஞ்சிருந்தாலோ, பொண்ணு மளமளன்னு வளர்ந்திருந்தாலோ, கிழவியா நடிச்ச அம்மா இறந்திருந்தாலோ படமே இல்ல. மேற்கு வங்க அரசு பணம் கொடுத்த பிறகுதான் முடிஞ்சுது. பஞ்சம் அந்தப் படத்தை வளர்க்கல, கொல்லப் பார்த்துச்சு. நாமே போட்டுக்கிற எல்லை வேற, பஞ்சம் வேற.

பொள்ளாச்சி: ஸ்பீல்பெர்க்கோட சுறாப் படம் ‘ஜாஸ்’ல இயந்திரச் சுறா பழுதானதாலதானே படம் நல்லா வந்துச்சு? அது அவங்களே போட்ட எல்லை இல்லையே?

நல்ல கேள்வி. உப்புத் தண்ணியில சுறா வேலை செய்யல. 55 நாள்னு போட்ட ஷூட்டிங் 159 நாள் ஆச்சு. ஆனா சுறாவுக்குப் பதிலா என்ன காட்டணும்னு தெரிஞ்சவங்க அங்க இருந்தாங்க. சுறாவோட கட்டின மஞ்சள் பீப்பாய் தண்ணிக்குள்ள இழுபட்டு, மேல வந்து, நம்ம பக்கம் திரும்பும். சுறாவைப் பார்த்த பயம் வந்துடும். படத்தொகுப்பாளர் வெர்னா ஃபீல்ட்ஸுக்கு அந்த எடிட்டிங்குக்குத்தான் ஆஸ்கார். மாற்றுவழி தெரியாதவங்க கையில அதே பழுது படத்தைக் கிடப்புல போட்டிருக்கும். கஷ்டத்தைப் புகழாதீங்க தம்பி, சம்பளம் வாங்காம நிக்கிற லைட்பாய் பக்கத்துல இருக்கார்.

கோவிந்தாபுரம்: முதல் படத்துக்குப் பரிசு கிடைச்சுதுங்க அக்கா. இப்ப தயாரிப்பாளர் பத்து மடங்கு தர்றார். என்ன செய்யலாம்?

இங்கதான் ஜாக்கிரதை வேணும். வெற்றிக்கு அப்புறம் “வேண்டாம்”னு சொல்ற ஆள் பக்கத்துல இருக்க மாட்டார். ஹாலிவுட் இயக்குநர் மைக்கேல் சிமினோவோட 1978 படம் ‘தி டீர் ஹன்டர்’ சிறந்த படம், சிறந்த இயக்குநர்னு ஆஸ்கார் வாங்குச்சு. அடுத்த படம் ‘ஹெவன்ஸ் கேட்’, 1980. சுமார் 1.16 கோடி டாலர்ல போட்ட பட்ஜெட் 4.4 கோடிக்குப் போச்சு. முதல்ல திரையிட்ட வடிவம் 3 மணி 39 நிமிஷம். ஒரு வாரத்துல தியேட்டர்லேருந்து தூக்கிட்டாங்க.

நீங்க பழைய எடிட்டரை மாத்தாதீங்க. படத்தோட நீளத்தை ஒப்பந்தத்துலயே எழுதுங்க. கூடுதல் காசு ஒத்திகைக்கும், ஒலிக்கும், ஆட்களோட சம்பளத்துக்கும் போகட்டும், கிரேனுக்கு வேண்டாம். முதல் தொகுப்பைக் கதை தெரியாத அஞ்சு பேருக்குப் போட்டு, எங்க போனை எடுக்கறாங்கன்னு நேரம் குறிச்சுக்குங்க. கடைசிக் காட்சி முன்கூட்டியே எழுதணும்ங்கறது உங்களுக்கும்தான்.

வேலந்தாவளம்: அக்கா, அடுத்த வாரம் கேமரா புக் பண்ணிட்டேன். முடிவுதான் ரெண்டு விதமா இருக்கு, எடுத்துட்டுப் பார்த்துக்கலாமா?

வேண்டாம். புக்கிங்கை ஒரு வாரம் தள்ளுங்க. ரெண்டு முடிவையும் எழுதி அனுப்புங்க, படிச்சுட்டுச் சொல்றேன்.