மூளையின் ஆழத்தில் கட்டி: எந்த வழியாக உள்ளே போவார்கள்?

நான் நரம்பியல் அறுவை மருத்துவன். மூளையின் நடுப்பகுதியில் வரும் கட்டிகளைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். உங்கள் ஸ்கேன் படங்களை நான் பார்க்கவில்லை. அதனால் இதை உங்கள் டாக்டரிடம் பேசப் போகும் முன் ஒரு தயாரிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணனுக்கு மூளையின் நடுவில், நீர் அறைக்குள் கட்டி. அவ்வளவு ஆழத்துக்குப் போக, மேலே இருக்கும் நல்ல மூளையை வெட்டிக்கொண்டா போவார்கள்?

பெரும்பாலும் இல்லை. இந்தப் பயம் கிட்டத்தட்ட எல்லாருக்கும் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மூளை மடிப்பும் இடுக்குமாக இருக்கிறது. இரண்டு அரைக்கோளங்களுக்கு நடுவில் ஓர் இடைவெளி. பக்கவாட்டில், நெற்றி மடலுக்கும் பொட்டு மடலுக்கும் இடையே சில்வியன் பிளவு. பின்பக்கம் சிறுமூளைக்கு மேலே ஒரு சந்து. முடிந்தவரை இந்தச் சந்துகளின் வழியாகத்தான் போகிறோம்.

சில்வியன் பிளவைத் திறப்பதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் உங்களுக்குப் புரியும். மேலே சிலந்தி வலை போல ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கும். அதை நுனியால் கீறியதும் தெளிந்த நீர் ஊறி வரும். அந்த நீர் வடிய வடிய மூளை தானாகவே தளர்ந்து வழி விடும், இழுத்துப் பிடிக்க வேண்டிய தேவை குறையும். சூரிச்சில் யாசர்கில் என்ற மருத்துவர் 1967 முதல் மைக்ரோஸ்கோப்பை வைத்து இந்த வழிகளில் வேலை செய்து, அடுத்த தலைமுறைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்.

உங்கள் அண்ணனுக்கு இரண்டு அரைக்கோளங்களுக்கு நடுவில் இறங்கி, அவற்றை இணைக்கும் பாலத்தில் சுமார் இரண்டு சென்டிமீட்டர் திறந்து, நீர் அறைக்குள் போகலாம். அது கொலாய்ட் சிஸ்ட் (கூழ் நிறைந்த பை) போன்ற சிறிய கட்டி என்றால் மண்டையில் ஒரு சின்ன துளை போட்டு, எண்டோஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழாயிலேயே எடுக்க முடியும்; அந்த வழியில் மூளைத் திசுவைக் கொஞ்சம் ஊடுருவித்தான் ஆக வேண்டும். நடுவில் இருக்கும் மூன்றாவது அறையின் வாசலில் ஃபோர்னிக்ஸ் என்ற நரம்பிழைக் கற்றை வளைந்து போகிறது. புதிய நினைவுகள் பதிய அது வேண்டும். கட்டியை விடுவிக்கும்போது அதில் கை படாமல் பார்க்கும் நிமிடங்கள்தான் இந்த ஆபரேஷனில் கஷ்டமானவை.

கேள்வி: அம்மாவுக்குத் தலாமஸில் கட்டி. ஒரு டாக்டர் மேலிருந்து போகலாம் என்கிறார், இன்னொருவர் பின்னாலிருந்து என்கிறார். யாரை நம்புவது?

இரண்டு பேருமே சரியாக இருக்கலாம். கட்டி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதைவிட, போகிற வழியில் என்ன இருக்கிறது என்பதைத்தான் நாங்கள் முதலில் பார்ப்போம். மூளையின் நடுவில் ஆழமாக இருக்கும் தலாமஸுக்கு வெளிப்பக்கம் கை கால்களை அசைக்கும் நரம்பிழைகள் நெருக்கமாக இறங்குகின்றன. அதைத் தாண்டிக்கொண்டு போனால் கட்டி வந்துவிடும், கை போய்விடும்.

நாங்கள் போடும் கணக்கு இதுதான். கட்டியின் மையத்தில் ஒரு புள்ளி. நீர் அறையின் பக்கமோ வெளிப்பக்கமோ, கட்டி எங்கே மேற்பரப்புக்கு மிக அருகில் வருகிறதோ அங்கே இன்னொரு புள்ளி. இரண்டையும் இணைத்துக் கோட்டை வெளியே நீட்டினால் நுழையும் இடம் ஓரளவு தெரிந்துவிடும். அந்தக் கோட்டில் முக்கியமான இழைகள் குறுக்கிட்டால் கோட்டை மாற்ற வேண்டும். நரம்பிழைகளைக் கோடு கோடாகக் காட்டும் தனி எம்.ஆர்.ஐ. முறை இருக்கிறது. இரண்டு டாக்டர்களிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "கை கால் இழைகள் கட்டிக்கு எந்தப் பக்கம் தள்ளப்பட்டிருக்கின்றன?" படத்தைத் திறந்து விரல் வைத்துக் காட்டுபவரை நான் நம்புவேன்.

கேள்வி: பிட்யூட்டரி கட்டியை மூக்கு வழியாக எடுப்பார்களாமே, இது புதிய முறையா?

பிட்யூட்டரி என்பது மூளையின் அடியில் இருக்கும் ஹார்மோன் சுரப்பி. அதற்குப் போகும் இந்த வழி பழையது. ஷ்லோஃபர் என்ற மருத்துவர் 1907-இலேயே மூக்கு வழியாகப் போய்ப் பிட்யூட்டரி கட்டியை எடுத்தார். எண்டோஸ்கோப் பின்னால் வந்தது. ஆபரேஷனுக்குத் தேதி வாங்கும் முன் ரத்தத்தில் புரோலாக்டின் என்ற ஹார்மோனின் அளவைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். புரோலாக்டின் சுரக்கும் கட்டி என்றால் பெரும்பாலும் மாத்திரையிலேயே சுருங்கிவிடும்.

கேள்வி: கணவரை விழிக்க வைத்தே ஆபரேஷன் செய்யப்போகிறார்கள். வலிக்காதா?

மூளைக்கு வலி தெரியாது. தோலுக்கும் மூளையை மூடிய தடித்த உறைக்கும் தெரியும், அதற்கு மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். திறக்கும்போதும் மூடும்போதும் தூங்க வைப்பதும் உண்டு.

நடுவில் நடப்பது இப்படி இருக்கும். ஒருவர் படங்களைக் காட்டிக்கொண்டே இருப்பார். "இது பூனை, இது நாற்காலி, இது..." அந்த இடத்தில் உங்கள் கணவர் தடுமாறுவார். அந்த நொடியில் சர்ஜன் மெல்லிய மின்சாரத்தால் ஒரு புள்ளியைத் தொட்டிருப்பார். மின்சாரத்தை எடுத்ததும் உங்கள் கணவர் "குடை" என்று சொல்லிவிடுவார். அந்தப் புள்ளி பேச்சுக்கு வேண்டியது என்று தெரிந்துவிட்டது, அங்கே கை வைக்க மாட்டார்கள். முன்னாலேயே அந்தப் படங்களைப் பழக்கிவிடுவார்கள். நீங்களும் வீட்டில் அவரோடு உட்கார்ந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள், பயம் பாதி குறையும்.

கேள்வி: பயாப்ஸி மட்டும் போதும் என்கிறார்கள். கைவிட்டுவிட்டார்களா?

அப்படி நினைக்காதீர்கள். ஜெர்மினோமா என்றொரு கட்டி கதிர்வீச்சிலேயே நன்றாகக் கரையும். மூளை லிம்ஃபோமா என்ற புற்றுநோய்க்கு மருந்துதான் முக்கிய சிகிச்சை. இவற்றை முழுசாக வெட்டி எடுக்கப் போனால் நோயாளிக்குத்தான் நஷ்டம். சில மில்லிமீட்டர் தடிமனுள்ள ஊசியால் துளி திசு எடுத்துப் பெயரைக் கண்டுபிடித்துவிட்டால் போதும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். லிம்ஃபோமா என்று சந்தேகம் இருந்தால், உடனடி ஆபத்து இல்லாதவரை பயாப்ஸிக்கு முன் ஸ்டீராய்டு தராமல் இருப்பதே நல்லது. ஸ்டீராய்டு பட்டதும் கட்டி சுருங்கி, எடுத்த திசுவில் ஒன்றும் தெரியாமல் போகலாம். ஆனால் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும் ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தவே கூடாது. டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் முடிவு செய்வார்.

கேள்வி: நேவிகேஷன் கருவி இருந்தால் தவறே நடக்காதா?

உதவும். சர்ஜனின் கருவி எந்த இடத்தில் நிற்கிறது என்று ஸ்கேன் படத்தின் மேல் காட்டுவது அது. ஆனால் அந்தப் படம் ஆபரேஷனுக்கு முன் எடுத்தது. நீர் வடிந்து கட்டியும் பாதி வெளியே வந்ததும் மூளை இடம் நகர்ந்துவிடும், கருவி காட்டும் இடம் பிசகும். அப்புறம் நம்ப வேண்டியது சர்ஜனின் கண்ணையும் கையையும்.

கேள்வி: ஆறு வயது மகளுக்கு மூளைத்தண்டில் கட்டி. எடுக்க முடியாது என்கிறார்கள். வேறு எங்காவது எடுப்பார்களா?

உங்கள் கேள்வியைப் பலமுறை படித்தேன். இதற்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்வதுதான் நியாயம். மூளைத்தண்டுக் கட்டி எல்லாம் ஒன்றல்ல. ஓரிடத்தில் எல்லையோடு நிற்பவை உண்டு, வெளிப்பக்கம் பிதுங்கி வளர்பவை உண்டு. அவற்றில் பலவற்றை அனுபவமுள்ள குழு எடுக்க முடியும். ஆனால் நடுப்பகுதியான பான்ஸ் முழுக்கப் பரவிய வகையில், கட்டியின் செல்கள் மூச்சையும் விழுங்குதலையும் நடத்தும் இழைகளுக்குள்ளேயே கலந்திருக்கும். பிரித்தெடுக்க அங்கே எல்லையே கிடையாது. எந்தக் கை தேர்ந்த சர்ஜனாலும் முடியாது, முயன்றால் குழந்தைக்குத்தான் கேடு. அந்த வகைக்குக் கதிர்வீச்சுதான் முதல் சிகிச்சை.

"எல்லை தெரிகிறதா, பரவியிருக்கிறதா?" என்று கேளுங்கள். எல்லை தெரிகிறது என்றால் குழந்தைகளின் மூளைக் கட்டிகளைப் பார்க்கும் இன்னொரு மையத்தில் அவசியம் கருத்துக் கேளுங்கள். பரவியிருக்கிறது என்றால் மருத்துவமனை மருத்துவமனையாக அலைவதில் அவளுடைய நாட்களைச் செலவழிக்காதீர்கள். சிகிச்சையை உடனே தொடங்குங்கள், பயாப்ஸியும் புது மருந்து ஆய்வுகளும் அவளுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள்.

கேள்வி: இரண்டு அரைக்கோளங்களுக்கு நடுவே போய் அப்பாவுக்கு ஆபரேஷன் செய்தார்கள். மூன்று நாளாகப் பேசவே இல்லை. கண் திறந்து பார்க்கிறார். பேச்சு போய்விட்டதா?

அந்த வழியில் போகும்போது நெற்றி மடலின் உள்பக்கத்தைச் சற்று ஒதுக்க வேண்டியிருக்கும். அதனால் சிலருக்குப் பேசத் தொடங்குவதே நின்றுபோகும். ரத்தக்கசிவு, நீர் தேக்கம், வலிப்பு இல்லை என்று ஸ்கேனிலும், மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.யிலும் பார்த்திருக்கிறார்களா என்று இன்றே கேளுங்கள். அவை இல்லையென்றால் பெரும்பாலும் சில நாட்களில், சில வாரங்களில் பேச்சு திரும்பும். முதலில் கிசுகிசுப்பாக ஒரு வார்த்தை வரும். கூடவே உட்கார்ந்து வழக்கம்போலப் பேசிக்கொண்டிருங்கள். பதில் வராவிட்டாலும் அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கலாம்.