மருந்து ஏறும் கிழமைகளில் பொம்மைத் தையல்

கேள்வி: கிளிநொச்சி, கரடிப்போக்குப் பகுதியில் வசிக்கிறேன். கணவருக்குப் பெருங்குடல் புற்றுநோய். சத்திரசிகிச்சை முடிந்து, இப்போது மூன்று கிழமைக்கு ஒரு தடவை தெல்லிப்பழை வைத்தியசாலைக்குச் சென்று மருந்து ஏற்றி வருகிறோம். மீள்குடியேறிய காலத்தில் தையல் பழகி, வீட்டிலேயே கரடிப்பொம்மைகள் செய்து விற்று வருகிறேன். அவர் வேலைக்குப் போக முடியாத இந்த நேரத்தில் அதுதான் வருமானம். உண்மையைச் சொன்னால், அதில் இருக்கும்போதுதான் எனக்கு மூச்சு வருகிறது. கனடாவிலிருந்து ஒரு பிறந்தநாள் விழாவுக்கு நாற்பது பொம்மைகள் கேட்டிருக்கிறார்கள். துணி வாங்க நுண்கடன் எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். மாமியோ, "மனுசன் இப்பிடிக் கிடக்கேக்க உனக்குப் பொம்மை கேக்குதோ" என்கிறார். நிறுத்திவிடவா?
– வாசகி, கிளிநொச்சி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

நிறுத்த வேண்டாம். உங்கள் கடிதத்தில் வருமானத்தைப் பற்றி எழுதிய வரியைவிட, மூச்சு வருகிறது என்று எழுதிய வரிதான் என்னை இவ்வளவு உறுதியாகச் சொல்ல வைக்கிறது. மாதக்கணக்கில் நீளும் சிகிச்சையில் நோயாளியைத் தாங்கி நிற்பவருக்கும் மனம் ஒதுங்கி இளைப்பாற ஓர் இடம் வேண்டும். உங்களுக்கு அது ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஆனால் இதுவரை செய்த விதத்திலேயே செய்ய முடியாது. இரணைமடுக் குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பார்த்துத்தானே சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று தீர்மானிக்கிறார்கள். அதுபோல, இனி உங்கள் தையல் வேலையின் அளவை வாடிக்கையாளர் சொல்லும் தேதி அல்ல, கணவரின் மருந்துச் சுற்றே தீர்மானிக்க வேண்டும்.

மூன்று கிழமைச் சுற்றில் எல்லா நாட்களும் ஒரே மாதிரி இருப்பதில்லை. மருந்து ஏற்றிய முதல் சில நாட்களில் குமட்டலும் களைப்பும் மிகுந்திருக்கும். ஏறக்குறைய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை, வெளியே ஓரளவு தேறியவர்போலத் தெரிந்தாலும், தொற்றை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்கள் பெரும்பாலும் மிகக் குறைந்திருக்கும். மூன்றாம் கிழமையில்தான் உடல் மெல்லத் திரும்பும். மருந்துக்கு மருந்து இது சற்று மாறும் என்பதால், அவருக்கு எந்த நாட்கள் பலவீனமானவை என்று வைத்தியரிடம் கேட்டு, ஒரு நாட்காட்டியில் குறித்து, தையல் மேசைக்கு நேரே மாட்டி வையுங்கள். முதல் சில நாட்களில் ஊசியைத் தொடவே வேண்டாம். துணி வெட்டுவது, இயந்திரத்தில் தைப்பது, பஞ்சு அடைப்பது ஆகிய மூன்றையும் மூன்றாம் கிழமைக்கு ஒதுக்குங்கள். இரண்டாம் கிழமையில், ஏற்கெனவே அடைத்து மூடிய தலைகளுக்கு மூக்கும் வாயும் நூலால் தைப்பது போன்ற கைவேலையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதை எந்த நிமிடத்திலும் கீழே வைத்துவிட்டு எழுந்து போகலாம்.

இப்படிப் பிரிக்கச் சொல்வதற்குத் தூசும் ஒரு காரணம். உரோமத் துணியை வெட்டும்போது பறக்கும் நுண்ணிய இழைகளும், பஞ்சிலிருந்து எழும் தூசும் அவர் படுக்கும் அறைக்குள் வரக்கூடாது. இலவம்பஞ்சானால் இன்னும் கவனம் தேவை. வெட்டுவதையும் அடைப்பதையும் வெளி விறாந்தையில் காற்றுப் போகும் திசை பார்த்துச் செய்து, உடுப்பை உதறி, கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பிறகே அவரிடம் செல்லுங்கள். துணியைப் பின்புறமாகத் திருப்பி, கத்தரிக்கோலின் நுனியால் அடித்துணியை மட்டும் வெட்டினால் உரோமம் அறுபடாது. தூசும் குறையும், பொம்மையின் தையலோரமும் அழகாக வரும். குண்டூசிகளை எண்ணி எடுத்து, எண்ணி வையுங்கள். சிகிச்சைக் காலத்தில் அவருக்கு ஒரு சிறு குத்துக்காயம்கூடத் தொற்றுக்கு வழியாகலாம். ஆகவே அவருடைய கட்டிலில் இருந்து தைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். மருந்து ஏற்றிய பின் இரண்டு நாட்களுக்கு அவருடைய வாந்தியோ சிறுநீரோ பட்ட துணிகளைக் கையுறை அணிந்து தனியாகத் துவைக்க வேண்டும். பொம்மைத் துணி நனைக்கும் பாத்திரம் அதற்குப் பயன்படக் கூடாது.

எல்லாவற்றிலும் முக்கியமானதைச் சொல்கிறேன். வீட்டில் ஒரு வெப்பமானி இருக்கட்டும். காய்ச்சல் 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பாகை பரனைட்டைத் தொட்டால், மழைக்காய்ச்சலாக இருக்கும் என்றெண்ணிப் பரசிற்றமோல் கொடுத்து விடியும்வரை காத்திருக்கக் கூடாது. இரவோ பகலோ, கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு உடனே செல்லுங்கள்; தெல்லிப்பழை வரை போகும் நேரம் அப்போது இல்லை. புற்றுநோய் மருந்து ஏற்றப்படுகிறவர் என்பதை வாசலிலேயே சொல்லுங்கள். கையில் எத்தனை அவசரமான பொம்மை இருந்தாலும் அந்த வேளையில் அது கிடந்த இடத்தில் கிடக்கட்டும்.

அவரையும் இந்த வேலையில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிப் பலர் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நல்லெண்ணத்தோடு சொல்வதுதான், ஆனால் யோசித்துச் செய்ய வேண்டியது. பெருங்குடல் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் கொடுக்கப்படும் ஒக்சாலிபிளாட்டின் என்ற மருந்து விரல்களில் விறைப்பையும் கூச்சத்தையும் உண்டாக்கும்; குளிர்ந்த பொருளைத் தொட்டால் அது கூடும். நேற்றுவரை பாரமான வேலை செய்த ஒருவர், ஊசியில் நூல் கோக்க முடியாமல் உங்கள் முன் தடுமாறுவது அவருக்கு வேறொரு நோவாகிவிடும். விருப்பமா என்று கேளுங்கள். விரும்பினால் கணக்குக் கொப்பியையும், எந்தப் பொம்மைக்கு எந்த நிறம் என்ற முடிவையும் அவரிடம் விடுங்கள். விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். விரல் விறைப்பைப் பற்றி ஒவ்வொரு கிளினிக்கிலும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும், ஏனெனில் அதைப் பார்த்து மருந்தின் அளவை மாற்றுவார்கள். அவர் சொல்லத் தயங்கினால் நீங்கள் சொல்லுங்கள்.

நாற்பது பொம்மைகளை ஏற்க வேண்டாம். பத்து மட்டும், அதுவும் தேதி குறிக்காமல், என்று இன்றே எழுதிவிடுங்கள். "என் கணவர் சிகிச்சையில் இருக்கிறார், பொம்மைகள் தயாரானதும் அறிவிப்பேன், அதுவரை முற்பணம் வாங்கமாட்டேன்" என்ற மூன்று வாக்கியங்கள் போதும். கனடாவில் இருப்பவர்கள் நம் ஊர் நிலை அறியாதவர்கள் அல்ல. இதைப் படித்த பிறகும் அவசரப்படுத்துகிறவரின் ஓடர் இந்த வருடம் உங்களுக்குத் தேவையில்லை.

நுண்கடன் மட்டும் கூடவே கூடாது. கிழமைக்குக் கிழமை தவணைப் பணம் வாங்க வருபவர், உங்கள் கணவருக்குக் காய்ச்சல் வந்த கிழமை என்று பார்த்துத் திரும்பிப் போகமாட்டார். வன்னியில் எத்தனை பெண்கள் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடனெடுத்து நொந்து போயிருக்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்றாலும், போக்குவரத்தும் சாப்பாடும் செலவுதான். அதற்காகக் கிராம அலுவலரைப் பார்த்து, பிரதேச செயலகத்தின் சமூக சேவைப் பிரிவில் நோயாளருக்கான உதவியைப் பற்றிக் கேளுங்கள். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கும் இப்போது பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை. இவற்றைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி மாமி. அவர் சொன்ன சொல் உங்களைச் சுட்டிருக்கிறது, சுடும்தான். ஆனால் கட்டிலில் கிடப்பது அவர் பெற்ற பிள்ளை. தன்னால் ஒன்றும் செய்ய முடியவில்லையே என்ற தவிப்பை யார்மேல் இறக்குவதென்று தெரியாமல், பக்கத்தில் இருக்கும் உங்கள்மேல் இறக்குகிறார் என்றே நான் நினைக்கிறேன். பொம்மை விற்ற காசில்தான் போன தடவை பஸ்ஸுக்குக் கொடுத்தோம் என்பதை அவருக்குச் சொல்ல வேண்டியவர் நீங்கள் அல்ல, உங்கள் கணவர். தாயிடம் அவர் ஒரு தடவை சொல்லட்டும். அடுத்த முறை உடல்நிலை இடம் கொடுத்தால் மாமியையும் தெல்லிப்பழைக்குக் கூட்டிச் செல்லுங்கள். மகனுக்கு என்ன சமைத்துக் கொடுக்கலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்பதைத் தாதியிடம் அவரே நேரில் கேட்டு வந்து, சமையலை அவர் பொறுப்பில் எடுத்துக்கொள்ளட்டும். காலையில் இரண்டு மணி நேரம் உங்களுக்குக் கிடைக்கும். அந்த நேரத்தில் விறாந்தையில் இருந்து தையுங்கள்.