மிச்சம் இருப்பவர் மேல் பழி

அன்புள்ள ஐயா,

சிகாகோவிலிருந்து மெம்ஃபிஸுக்குக் காரில் போகிற வழியில், இல்லினாய் மாநிலத்தின் தென்கோடியில் கெய்ரோ என்ற ஊரில் இறங்கினேன். ஒஹையோ, மிசிசிப்பி ஆறுகள் கூடும் இடம். கடைத்தெரு பாழடைந்து கிடக்கிறது. வீட்டுக்கு வந்து மக்கள்தொகைக் கணக்கைப் பார்த்தேன். 1920-ல் 15,203 பேர், 2020-ல் 1,733. குடும்ப வருமானம் மாநில அளவில் பாதிகூட இல்லை. கறுப்பர்கள் 1970 வாக்கில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு, இப்போது மூன்றில் இரண்டு. அவர்கள் பெருகப் பெருக ஊர் தேய்ந்தது என்று எடுத்துக்கொள்ளலாமா? 1969-ல் அவர்கள் தொடங்கிய கடைப் புறக்கணிப்புதான் ஊரைக் கெடுத்தது என்கிறார் என்னோடு வேலை செய்பவர். இந்த ஊர் இனி மீளுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தீர்களே, அதற்கே உங்களைப் பிடித்துப்போயிற்று. இன்டர்ஸ்டேட் 57 நெடுஞ்சாலை வந்த பிறகு பலரும் அந்த ஊரைத் தொடாமலே ஆற்றைக் கடந்துவிடுகிறார்கள்.

ஆனால் கறுப்பர்கள் பெருகினார்கள் என்று எந்தக் கணக்கில் கண்டீர்கள்? 1970-ல் ஊரில் 6,277 பேர். ஐந்தில் இரண்டு என்றால் சுமார் 2,500. இன்று 1,733-ல் மூன்றில் இரண்டு, சுமார் 1,150. பாதிக்கும் கீழே போய்விட்டார்கள் ஐயா! வெள்ளையர் அதைவிட வேகமாக ஊரைக் காலி செய்ததால் விகிதம் ஏறிற்று, அவ்வளவுதான். பந்தியில் பாதிப் பேர் எழுந்துபோனால், உட்கார்ந்திருப்பவன் ஆள் சேர்த்துவிட்டான் என்பீர்களா? படித்தவர், கூட்டல் கழித்தல் தெரிந்தவர், இதைச் செய்து பார்க்காமல் எனக்கு எழுதலாமா? வருமானமும் இதே கதைதான். நல்ல சம்பளக்காரர்கள் கிளம்பினால், இருப்பவர் யாருக்கும் ஒரு டாலர்கூடக் குறையாமலே ஊர்க் கணக்கு சரிந்துவிடும்.

உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்: 1960-லேயே ஊர் 9,348-க்கு வந்துவிட்டது. புறக்கணிப்புக்கு ஒன்பது வருடம் முன்பு! 1889-ல் ஒஹையோ மேல் ரயில் பாலம் வந்தது, ரயில்பெட்டிகளை ஏற்றிக் கடத்திய படகுத் தொழில் போயிற்று. அப்புறம் சாலைப் பாலங்கள். புறக்கணித்தவர்கள் கேட்டது, தாங்கள் காசு கொடுத்துச் சாமான் வாங்கும் கடையில் தங்களுக்கும் வேலை. அதைக் கொடுப்பதைவிடக் கடையைச் சாத்துவதே மேல் என்று இருந்தவர்கள் உண்டு.

இன்னும் சொல்லவேண்டியது ஊரின் நீச்சல்குளத்தைப் பற்றி. கொஞ்ச நாளாக, 1962-ல் டேனி லயன் எடுத்த புகைப்படம் ஒன்று மண்டைக்குள்ளேயே நிற்கிறது. கெய்ரோவின் குளத்துக்கு வெளியே சிலர் மண்டியிட்டுப் பிரார்த்திக்கிறார்கள். அதில் ஒருவர் ஜான் லூயிஸ், வயது 22. பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர். குளம் வெள்ளையருக்கு மட்டும். தனியார் கிளப் என்று ஒரு சாக்கு. இனி எல்லோரையும் விட்டாகவேண்டும் என்ற நிலை வந்ததும் குளத்தையே மூடினார்கள். பிற்பாடு சிமென்ட் கொட்டி நிரப்பியும் விட்டார்கள். அந்தத் தெற்கத்தி வெயிலில் தங்கள் பிள்ளைகளும் குளிக்கவேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள்! எனக்கு ஆறவில்லை. பள்ளியில் வேண்டாம், கடையில் வேண்டாம், தண்ணீரிலும் வேண்டாம் என்றவர்கள் கிளம்பிப் போனதற்கு, போக வழியில்லாமல் நின்றவர்களிடம் விளக்கம் கேட்கிறீர்கள்.

நின்றவர்களையும் விட்டார்களா? அரசு ஏழைகளுக்குக் கட்டிய எல்ம்வுட், மெக்பிரைட் குடியிருப்புகள் பராமரிப்பே இல்லாமல் அழுகின. 2017-ல், பழுதுபார்க்கப் பணமில்லை, காலி செய்யுங்கள் என்று மத்திய வீட்டுவசதித் துறை சொல்லிவிட்டது. சுமார் 400 பேர், பெரும்பாலும் கறுப்பர்கள். ஊரிலோ வேறு வாடகை வீடு கிடைப்பதே அரிது. 2010-க்கும் 2020-க்கும் இடையில் அமெரிக்காவிலேயே அதிக விகிதத்தில் மக்களை இழந்த கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி), கெய்ரோ இருக்கும் அலெக்சாண்டர் கவுண்டி. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டார்கள்.

மீளுமா என்றீர்கள். ஆற்றுத் துறைமுகம் ஒன்று வரும் என்று பல வருடங்களாகப் பேச்சு. வரட்டும், பார்ப்போம். நீங்கள் அடுத்த முறை போனால் ஒரு நாள் தங்குங்கள், யாரிடமாவது பேசுங்கள். எனக்கு எழுதும்போது விகிதத்தோடு தலைக்கணக்கையும் சேர்த்து அனுப்புங்கள், 1960-லிருந்து போதும்.